வீறிடும் கம்பி: எல்மோர் ஜேம்ஸின் கிட்டார் எப்படி அழுகிறது?

அமெரிக்க புளூஸ் இசைக் கலைஞர் எல்மோர் ஜேம்ஸின் பழைய ஒலித்தட்டு ஒன்றைக் கேட்ட வாசகர், அந்தக் கிட்டாரை யாரோ மீட்டுவதாகத் தோன்றவில்லை, யாரோ அதற்குள் இருந்து அழுவதாகத் தோன்றுகிறது, அது எப்படி என்று கேட்டிருக்கிறார்.

1918ஆம் ஆண்டு மிசிசிப்பியில் பிறந்த ஜேம்ஸ், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றித் திரும்பி, கான்டன் நகரில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்தவர். 1951இல் ஜாக்சன் நகரின் டிரம்பெட் ஒலித்தட்டு நிறுவனத்துக்காக அவர் பதிவு செய்த ‘டஸ்ட் மை புரூம்’ பாட்டு, மறு ஆண்டில் பில்போர்ட் இசை இதழின் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. புளூஸ் கலைஞர் ராபர்ட் ஜான்சன் 1936இலேயே விரல்களால் வாசித்துப் பதிவு செய்திருந்த பாட்டுதான் அது. (ஜான்சன் நாற்சந்தியில் சாத்தானுக்கு ஆன்மாவை விற்று வித்தை கற்றார் என்ற கதையை இன்றும் சொல்கிறார்கள், ஒரு கலைஞனின் பல்லாண்டு உழைப்பைப் பேயின் கணக்கில் எழுதுவது எனக்கு உவப்பானதல்ல.) ஜேம்ஸ் அந்தப் பாட்டையே, விரலில் மாட்டிக் கம்பிகளின் மேல் வழுக்கும் உலோகக் குழாயாலும் மின்சாரத்தாலும் வாசித்தார்.

கம்பியின் நீளம் பாதியானால் அதிர்வெண் இருமடங்காகும். வெறுமனே மீட்டினாலே ‘டி மேஜர்’ என்ற கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டம்) ஒலிக்கும்படி சுருதி கூட்டப்பட்ட கிட்டாரில், கம்பியைச் சரிபாதியாக்கும் பன்னிரண்டாம் கட்டைக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைக்கு) நேர் மேலே குழாயை வைத்தால், 294 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் மேல் கம்பி 587 ஹெர்ட்ஸுக்குத் தாவும். மற்றக் கம்பிகளும் உடன் தாவுவதால் முழுக் கார்டும் ஒரே வீச்சில் கிடைக்கும். கட்டைகளின் படிக்கட்டில் ஏறாமல் குழாய் வழுக்கிச் செல்வதால், இரு சுரங்களுக்கு இடைப்பட்ட அத்தனை அதிர்வெண்களும் காதில் விழுகின்றன.

ஆனால் கம்பியைக் கட்டையோடு அழுத்தாமல் தொட்டு மட்டும் நிற்கும் குழாயின் ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடும். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கருவியான பிக்அப் வருகிறது. கம்பிகளுக்கு அடியில் ஒரு நிலைக்காந்தம். அதைச் சுற்றித் தலைமயிரை ஒத்த மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். காந்தம் தன் மேலுள்ள எஃகுக் கம்பியையும் சிறு காந்தமாக்கிவிடுவதால், கம்பி அதிரும்போதெல்லாம் சுருளின் ஊடே செல்லும் காந்தப்பாயம், அதாவது காந்தப்புலத்தின் அளவு, மாறுகிறது. ஃபாரடே 1831இல் கண்டறிந்தபடி, அந்த மாற்றம் சுருளில் மின்னழுத்தமாகிறது. காற்றின் அதிர்வை இது கேட்பதே இல்லை, கம்பியின் அசைவை மட்டுமே உணர்கிறது.

அந்தச் சிறு மின்னலை, வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் வால்வு ஆம்பிளிஃபயருக்குள் அதன் தாங்குதிறனை மீறி நுழையும்போது, அலையின் உச்சிகள் நறுக்கப்பட்டு மூலத்தில் இல்லாத மேற்சுரங்கள் பிறக்கின்றன. உச்சி உயர முடியாததால், கம்பியின் அதிர்வு குறைந்துகொண்டே வந்தாலும் ஒலியின் வலிமை வெகுநேரம் ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. தேயவேண்டிய சுரம் இப்படி நீள, குழாயை முன்னும் பின்னும் நடுக்கி அதை அசைக்க வாசிப்பவருக்கு அவகாசம் கிடைக்கிறது.

வாசகர் அடுத்து, 1959இல் பாபி ராபின்சனின் ஃபயர் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் சிகாகோவில் பதிவு செய்த ‘தி ஸ்கை இஸ் கிரையிங்’ பாட்டைக் கேட்கட்டும். ஜேம்ஸின் கரகரத்த குரல் ஓர் அடியைப் பாடி நிறுத்துகிறது. அதே கரகரப்போடு, அதே நடுக்கத்தோடு கிட்டார் பதில் சொல்கிறது.