வங்கி கைமாறும்போது போட்ட பணம்: ஐந்து லட்சக் காப்பீட்டில் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

"அந்த பேங்க் மூழ்கப் போகுதாம், இன்னைக்கே எடுத்துடுங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றினால் போதும், கிளை வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். வரிசையில் நிற்பவர்களில் பலருக்கு அந்தப் பயம் தேவையே இல்லை. பயப்பட வேண்டியவர்கள்தான் பெரும்பாலும் வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள்.

சட்டம் சுருக்கமானது. ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனமான டெபாசிட் காப்பீட்டுக் கழகம், அதாவது டிஐசிஜிசி, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை பொறுப்பேற்கிறது. 1993 முதல் 1 லட்சமாகவே கிடந்த இந்த வரம்பு, 2020 பிப்ரவரி 4 அன்றுதான் உயர்ந்தது. சேமிப்பு, நடப்பு, நிரந்தர வைப்பு, ஆர்.டி. எல்லாம் இதில் அடக்கம். பிரீமியத்தை வங்கி கட்டுகிறது. "இன்சூரன்ஸுக்கு ஒரு சின்னத் தொகை கட்டணும்" என்று யாராவது கேட்டால் அது மோசடி.

முதலில் பார்க்க வேண்டியது, பணம் போட்ட இடம் வங்கிதானா என்பதை. அரசு வங்கி, தனியார் வங்கி, சிறு நிதி வங்கி, மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி, நகர கூட்டுறவு வங்கி ஆகியவற்றுக்குக் காப்பீடு உண்டு. தொடக்க வேளாண்மை கூட்டுறவு கடன் சங்கத்துக்கு இல்லை. நெசவாளர் சங்கம், பணியாளர் சிக்கன நாணயச் சங்கம், மலைப்பகுதிகளில் இயங்கும் லேம்ப்ஸ் எனும் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கம், நிதி நிறுவனம், சீட்டு எதற்கும் இல்லை. ஊர்க்காரர்கள் வாயில் இன்றும் வேளாண்மைச் சங்கம் 'சொசைட்டி பேங்க்'தான். கவுன்டர், பாஸ்புக், நகைக்கடன் எல்லாம் வங்கி மாதிரியே நடக்கும். அங்கே வேலை பார்ப்பவரிடம் கேட்டால், "கவர்ன்மென்ட் சங்கம்தானே, எங்கே போகும்" என்பார். அது பதில் இல்லை. சங்கம் தன் உபரிப் பணத்தை மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கியில் போட்டு வைத்திருக்கலாம். அந்தக் காப்பீடு சங்கத்துக்கு ஒரே டெபாசிட்தாரர் என்ற கணக்கில்தான். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வந்து சேராது.

சோதிக்க ஒரே வழிதான். வைப்பு ரசீதின் தலைப்பில் அச்சாகியுள்ள முழுப் பெயரை டிஐசிஜிசி இணையதளத்தில் உள்ள காப்பீடு பெற்ற வங்கிகள் பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர்ப்பலகையை நம்ப வேண்டாம். ரசீதில் உள்ள பெயரே கணக்கு.

அடுத்தது கூட்டல். சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கிளையில் 3 லட்சம், அஸ்தம்பட்டிக் கிளையில் 4 லட்சம் என்று ஒரே வங்கியில் பிரித்துப் போட்டு, இரண்டும் பத்திரம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். கிளைகளைப் பிரித்துப் பார்ப்பதில்லை. மொத்தம் 7 லட்சம், காப்பீடு 5. வட்டியும் இதே 5 லட்சத்துக்குள்தான் வரும். 4 லட்சத்தை 7 சதவீதத்துக்கு, காலாண்டுக் கூட்டு வட்டியில் மூன்று வருடம் விட்டால் ஏறக்குறைய 4.93 லட்சம் ஆகிவிடும். ஆகவே 5 லட்சத்தை முழுசாகப் போட்டால் முதல் காலாண்டு வட்டியிலேயே வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். சுமாரான வங்கி என்றால் அசல் 4 லட்சத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வியாபாரிகள் மாட்டுவது வேறு இடத்தில். கொலுசுப் பட்டறையோ மளிகை மண்டியோ, தனி உரிமையாளராக நடத்துபவரின் கடைப் பெயரில் உள்ள நடப்புக் கணக்கும் அவர் சொந்தப் பெயரில் உள்ள கணக்கும் ஒரே ஆளின் பணமாகவே கூட்டப்படும். கடைக்கு ஜிஎஸ்டி எண் தனியாக இருப்பதால் இது மாறாது. பங்குதாரர் நிறுவனம் என்றால் அதற்குத் தனி 5 லட்சம். கணவன் மனைவி கூட்டுக் கணக்குக்கு, அவரவர் தனிக் கணக்கைச் சேர்க்காமல், தனி 5 லட்சம். அதே இருவர் அதே வரிசையில் நான்கு கூட்டுக் கணக்கு வைத்திருந்தால் நான்கையும் சேர்த்து ஒரு 5 லட்சம். மைனர் பிள்ளைக்காகக் காப்பாளராக வைத்திருப்பது தனி.

அதே வங்கியில் கடன் இருந்தால் அதைக் கழித்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். 6 லட்சம் டெபாசிட், 2 லட்சம் கடன் என்றால் மிச்சம் 4 லட்சம் கைக்கு வரும். உண்மையில் இதில் நஷ்டமில்லை, கடன் தீர்ந்துவிடுகிறது. ஆனால் 5 லட்சம் முழுசாக வரும் என்று நம்பிக் கல்யாணத் தேதி குறித்தவருக்கு இது இடிதான்.

இனி வங்கி தடுமாறினால் என்ன நடக்கும் என்பதற்கு வருவோம். மூன்று வெவ்வேறு நிலைமைகளை எல்லோரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று, சாதாரண இணைப்பு. 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு சேர்ந்தது இப்படித்தான். பணத்துக்கு ஆபத்தே இல்லை. இதற்குப் பயந்து வைப்பை முன்கூட்டி உடைத்தால் வட்டி குறைப்பு, அபராதம் என்று நீங்களே நஷ்டத்தை வரவழைத்துக்கொள்கிறீர்கள்.

இரண்டு, தடை உத்தரவு போட்டு வேறொரு வங்கியிடம் ஒப்படைப்பது. பக்கத்து ஊர் உதாரணமே போதும். கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பர் 17 அன்று தடை வந்தது. ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. கணக்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு அவ்வளவுதான். பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, டிபிஎஸ் வங்கி இந்தியாவோடு இணைக்கப்பட்டது. டெபாசிட்தாரர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அந்த வங்கியின் பங்கை வைத்திருந்தவர்களுக்கு அதன் மதிப்பு பூஜ்யம் ஆனது.

இப்படித் தடை இருக்கும் நாட்களில் மருத்துவம், மேற்படிப்பு, திருமணம் போன்ற தேவைக்குக் கூடுதலாக எடுக்க ரிசர்வ் வங்கி அனுமதி தரலாம். அந்தச் சலுகையைக் கிளையில் தாங்களாகச் சொல்வது அபூர்வம். உத்தரவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டையோ கல்லூரிக் கட்டணச் சீட்டையோ இணைத்து, எழுத்தில் கொடுங்கள். இன்னொன்று: பணம் எடுக்கத்தான் தடை, கடன் தவணை கட்டத் தடை இல்லை. நிறுத்தினால் சிபில் மதிப்பெண் விழும்.

மூன்றாவதுதான் நிஜமாகவே கடிக்கும்: பெரும்பாலும் நகர கூட்டுறவு வங்கிகள் மீது வரும், பணம் எடுப்பதையே முடக்கும் ரிசர்வ் வங்கியின் முழுக் கட்டுப்பாட்டு உத்தரவு. 2021 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, இந்த உத்தரவு வந்த 90 நாளுக்குள் காப்பீட்டுத் தொகை கிடைக்க வேண்டும். முதல் 45 நாளில் வங்கி பட்டியல் தர வேண்டும், அடுத்த 30 நாள் சரிபார்ப்பு, கடைசி 15 நாளில் பணம். இணைப்புப் பேச்சு நடந்தால் இன்னொரு 90 நாள் நீளலாம்.

நாம் சிக்குவது அந்த முதல் 45 நாளில். பணம் தானாக வராது. காப்பீட்டுத் தொகை வேண்டும் என்று விருப்பக் கடிதம் கொடுக்க வேண்டும். வேறொரு வங்கியில் அதே பெயரில் உள்ள கணக்கு விவரமும் அடையாளச் சான்றும் இணைக்க வேண்டும். கூட்டுக் கணக்கு என்றால் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்பு முடிக்காத கணக்கு பட்டியலில் பின்னுக்குப் போகும்.

நம் பக்கத்தில் பெரிய தொல்லை இனிஷியல். பாஸ்புக்கில் 'பெ.முருகன்', ஆதாரில் 'முருகன் பெரியசாமி', பான் கார்டில் 'பெரியசாமி முருகன்'. ஊருக்கே தெரியும் ஒரே ஆள் என்று, கம்ப்யூட்டருக்குத் தெரியாது. வங்கி நன்றாக ஓடும்போதே இதைச் சரிசெய்வது ஒரு மனுவில் முடியும் வேலை. உத்தரவு வந்த பிறகு என்றால், ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தவரிடம் "அஃபிடவிட் வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள்.

"மேலிடத்திலிருந்து ஆர்டர் வரலை", "மும்பைக்கு எழுதுங்க" என்பவையும் சகஜம். மும்பையில் உள்ள காப்பீட்டுக் கழகம் தனிப்பட்ட டெபாசிட்தாரரிடம் நேரடியாக மனு வாங்குவதில்லை. வாங்க வேண்டியது உங்கள் வங்கிதான். கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், ஒன்றில் தேதியும் முத்திரையும் கையெழுத்தும் வாங்காமல் நகராதீர்கள். முத்திரை போட மறுத்தால் அதே நாளில் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கணக்குக்காரர் இறந்திருந்தால் நாமினி போதும். நாமினி இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழ், தாலுகா அலுவலகம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி வைக்கலாம். பழைய வைப்பு ரசீதுகளில் நாமினி பெயர் அச்சாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

ஐந்து லட்சத்துக்கு மேல் இருப்பது என்ன ஆகும்? வங்கியை மீட்க ரிசர்வ் வங்கி வகுக்கும் திட்டத்தைப் பொறுத்தது. மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கிக்கு 2019 செப்டம்பரில் கட்டுப்பாடு வந்தபோது முதலில் ஆயிரம் ரூபாய்தான் எடுக்க முடிந்தது. 2022 ஜனவரியில் யூனிட்டி சிறு நிதி வங்கியோடு சேர்ந்த பின்னும், பெருந்தொகை வைத்திருந்தவர்களுக்கு மீதி பத்து வருடம் வரை தவணையாக வரும்படிதான் திட்டம் அமைந்தது. கூட்டுறவு வங்கியில் அரை சதவீதம், ஒரு சதவீதம் கூடுதல் வட்டிக்காக ஓய்வுக்காலப் பணத்தை மொத்தமாகப் போடுபவர்கள் இந்தப் பத்து வருடத்தை நினைத்துக்கொள்ள வேண்டும்.

வங்கிக் கவுன்டரில் விற்கும் எல்லாமே டெபாசிட் அல்ல. மியூச்சுவல் ஃபண்டு, காப்பீட்டு பாலிசி, 'எஃப்டி மாதிரிதான் சார்' என்று தள்ளிவிடும் பாண்டு எதற்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. 2020-ல் யெஸ் வங்கியை மீட்டபோது டெபாசிட்தாரர் பணம் தப்பித்தது. வங்கி சிக்கலில் விழுந்தால் அழிக்கப்படக்கூடிய அதன் ஏடி-1 பாண்டுகளில் 8,415 கோடி ரூபாய் அழிக்கப்பட்டது; அதை வாங்கியவர்களில் சாதாரண வாடிக்கையாளர்களும் உண்டு.

இணைப்பு நல்லபடியாக முடிந்தாலும் சில்லறை வேலை பாக்கி இருக்கும். புது வங்கியில் ஏற்கெனவே கணக்கு இருந்தால், இனி இரண்டும் சேர்ந்துதான் அந்த 5 லட்சம். வட்டியும் சேர்வதால் டிடிஎஸ், அதாவது வரிப் பிடித்தத்துக்கான வரம்பைத் தாண்டலாம். கணினி மாற்றத்துக்கு முன்பே பழைய கணக்கின் பரிவர்த்தனைப் பட்டியலை முழுசாக அச்செடுத்துக்கொள்ளுங்கள், பிறகு "பழைய டேட்டா இங்கே தெரியாதுங்க" என்பார்கள். ஐஎஃப்எஸ்சி எண்ணும் காசோலையும் மாறும். பழைய காசோலையை வரப்போகும் தேதியிட்டு யாரிடமாவது கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிவிடுங்கள். பென்ஷன், கேஸ் மானியம், எல்ஐசி தவணை எந்தக் கணக்கில் ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அசல் வைப்பு ரசீதை ஒப்புகை இல்லாமல் ஒப்படைக்காதீர்கள்.

மனு கொடுத்து 30 நாள் ஆகியும் வங்கி பதில் தராவிட்டால், அல்லது தந்த பதில் சரியில்லாவிட்டால், ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் சிஎம்எஸ் எனும் அதன் புகார் இணையதளம் வழியாகப் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. சந்தேகம் கேட்க 14448. வங்கியிடம் முதலில் எழுத்தில் கொடுத்ததற்கு ஆதாரம் இல்லையென்றால் புகாரை அங்கேயே தள்ளிவிடுவார்கள். முத்திரை வாங்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.