எவக்யுவேட் வேறு, எவிக்ட் வேறு

மழை விடாமல் கொட்டிய ஒரு ஐப்பசி இரவு. ஒன்பதரை மணி இருக்கும். என் மாணவி ஒருத்தியின் அம்மா கோல் எடுத்தார். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் மூத்த மகன், வாட்ஸ்அப்பில் மண்சரிவு பற்றிய ஆங்கில அறிவித்தல் ஒன்றை அனுப்பியிருந்தான். அதில் அவர்களுடைய பிரதேசத்தின் பெயர், சிவப்பு நிறக் கட்டம், பெரிய எழுத்தில் ஒரு சொல். மகள் அந்தச் சொல்லைப் போனில் போட்டுப் பார்த்திருக்கிறாள். "வெளியேற்று", "காலி செய்" என்று வந்திருக்கிறது.

"டீச்சர், வீட்டக் காலி பண்ணச் சொல்றாங்களா? காம்பராவ எடுத்துக்கிட்டா நாங்க எங்க போறது? மாமா முடியவே முடியாதுன்னு கட்டில்ல ஒக்காந்துட்டாரு."

அறிவித்தலில் இருந்த சொல் எவக்யுவேட். அந்த வீட்டுப் பெரியவரின் காதில் விழுந்ததோ எவிக்ட். பதுளை மாவட்டத்தில் பல வருடமாக ஆங்கிலம் படிப்பிக்கிறேன். இந்த இரண்டு சொல்லையும் அருகருகே எழுதி, வித்தியாசம் இதுதான் என்று வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த இரவுக்குப் பிறகு சொல்லாத வருடம் இல்லை.

பெரியவர் மேல் பிழை சொல்ல மாட்டேன். மலையகத்தில் அந்த வயதுக்காரர்களுக்கு "வெளியேற்றம்" சாதாரணச் சொல் இல்லை. 1948இல் பிரஜாவுரிமை போனது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று எழுதியது. எழுபதுகளில் காணிச் சீர்திருத்தம் வந்தபோது, எத்தனையோ தோட்டங்களில் குடும்பம் குடும்பமாகத் துரத்தப்பட்டார்கள். லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் காம்பரா தோட்டத்தின் சொத்து, வேலை போனால் கூரையும் போகும் என்பது மூன்று நான்கு தலைமுறையாக மனதில் ஊறிய பயம். அப்படிப்பட்டவரிடம் இரவில் வந்து "வெளியேறு" என்றால், அவர் கட்டிலை இறுக்கிப் பிடிக்கத்தான் செய்வார்.

சரி, சொல்லுக்கு வருவோம். எவக்யுவேட் என்பதன் வேர், 'வெறுமை' என்று பொருள்படும் லத்தீன் சொல். வேலை வெற்றிடத்துக்கு வேக்கன்சி என்கிறோமே, வேக்குவம் என்று அறிவியல் பாடத்தில் படிக்கிறோமே, அவையும் இதே குடும்பம்தான். ஓர் இடத்தை வெறுமையாக்குவதுதான் எவக்யுவேட். ஏன் வெறுமையாக்க வேண்டும்? அங்கே இருந்தால் உயிருக்கு ஆபத்து என்பதால். தீப்பிடித்த கட்டடம், வெள்ளம் ஏறும் தெரு, சரியப் போகும் மலைச்சரிவு, இங்கெல்லாம் இந்தச் சொல் வரும். எவிக்ட் அப்படி இல்லை. இந்த இடம் உனக்கு உரியதல்ல, போ என்று உரிமையை மறுத்து அனுப்புவது அது.

பாவனையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. எவிக்ட் செய்வதற்கு எப்போதும் இன்னொருவர் வேண்டும். யாரும் தன்னைத்தானே எவிக்ட் செய்ய முடியாது. "வீ எவக்யுவேட்டட் அட் நைட்" என்று எழுதலாம். நாங்கள் இரவோடு வெளியேறினோம் என்று பொருள். "வீ எவிக்டட் அட் நைட்" என்று எழுதினால் யாரைத் துரத்தினீர்கள் என்று கேட்பார்கள். "வீ வேர் எவிக்டட்" என்று செயப்பாட்டுவினையில் எழுதினால்தான் நாங்கள் துரத்தப்பட்டோம் என்று வரும். எவக்யுவேட் இரண்டு பக்கமும் போகும். இராணுவம் மக்களை எவக்யுவேட் செய்யலாம், மக்கள் தாமே எவக்யுவேட் செய்யலாம். தமிழில் இதற்கு இரண்டு வினை: வெளியேறு தன்வினை, வெளியேற்று பிறவினை. ஒரு 'ற்' கூடினால் செய்கிறவரே மாறிவிடுகிறார். போன் காட்டியது 'வெளியேற்று'. அந்தக் குடும்பத்துக்குத் தேவைப்பட்டது 'வெளியேறு'.

இதையெல்லாம் அந்த நேரத்தில் போனில் விளக்க முடியாது. "அக்கா, கதவப் பூட்டி சாவிய மாமா கையில குடுங்க. சாவி உங்க கையில இருந்தா அது எவக்யுவேட். அவங்க சாவியக் கேட்டு வாங்கினாத்தான் எவிக்ட். இப்ப யாரும் சாவியக் கேக்கல, உசுரக் காப்பாத்திக்கச் சொல்றாங்க" என்றேன். அவர் அதை அப்படியே சத்தமாகத் திருப்பிச் சொன்னது கேட்டது. கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும். அப்புறம் பெரியவரின் குரல்: "அந்தப் பெரிய பூட்ட எடு."

அன்று இரவு அந்த லயத்து ஆட்கள் பாடசாலை மண்டபத்தில் படுத்தார்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையில் மூன்று நிறம் உண்டு. மஞ்சளுக்கு வாட்ச், செம்மஞ்சளுக்கு அலர்ட், சிவப்புக்கு எவக்யுவேட். வாட்ச் என்றதும் பிள்ளைகள் கையைக் காட்டுவார்கள். ஸ்டோருக்குக் காவல் இருக்கும் வாட்சரை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். வாட்சர் ஓடமாட்டார், தூங்கவும் மாட்டார். கண்ணைத் திறந்து வைத்திருப்பார். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிவரும் ஊற்று, இவற்றைப் பார்ப்பதுதான் மஞ்சள் நிறத்தின் வேலை. அலர்ட் இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. உயரத்தில் ஏறிநின்று காவல் பார் என்பது அதன் பழைய பொருள். நம் வீட்டில் அலர்ட் என்றால் பை கட்டியாயிற்று என்று அர்த்தம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிரஷர் மாத்திரை, டோர்ச். எங்கே போய்ப் படுப்பது என்றும் முடிவாகியிருக்க வேண்டும். சிவப்பு வந்தபிறகு பை கட்ட நேரம் இருக்காது.

அறிவித்தல் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் கவனம், 100 பெய்தால் ஆயத்தம், 150 பெய்தாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ வெளியேற வேண்டும் என்பது அந்த நிறுவனம் சொல்லும் கணக்கு. மேலும் கீழும் ஒரே அகலமுள்ள ஒரு தகரப் பேணியை, கூரைத் தண்ணீர் விழாத வெட்டவெளியில் வையுங்கள். காலையில் பாடசாலை அடிமட்டத்தை உள்ளே விட்டுப் பாருங்கள். தண்ணீரின் ஆழம் எத்தனை மில்லிமீற்றரோ, மழை அத்தனை. என் தரம் 8 பிள்ளைகள் ஒரு தவணை முழுக்க இதைச் செய்து கொப்பியில் எழுதினார்கள். ஆங்கிலத்திலேயே எழுதினார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெளியேறியபிறகு, இடத்தைப் பரிசோதித்துவிட்டு இனி இங்கே இருக்க முடியாது என்று சொல்லவும் கூடும். அப்போது சொல் மாறுகிறது: ரீலொகேட், அதாவது வேறு இடத்தில் குடியமர்த்துவது. எங்கள் மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டம் ஆபத்தான இடம் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியபோது மக்கள் அங்கேயேதான் இருந்தார்கள். வேறு இடமும் வீடும் கொடுக்காமல் எச்சரிக்கை மட்டும் கொடுத்தால் இதுதான் நடக்கும். ரீலொகேட் என்ற சொல் கடிதத்தில் வந்தால், எங்கே, எப்போது, யார் பெயரில் காணி என்று எழுத்திலேயே கேளுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் அந்தச் சண்டையை எவக்யுவேட் சொன்ன இரவில் போடக் கூடாது. முதலில் இறங்கிவிடுங்கள். ஆங்கிலம் விளங்காவிட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள், அல்லது கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். எந்த நேரமானாலும் பக்கத்து ஆங்கில ஆசிரியரையும் எழுப்பலாம்.

நாலாம் நாள், அதிகாரிகள் இடத்தைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போகலாம் என்று சொன்னபிறகு, அந்தக் குடும்பம் வீடு திரும்பியது. மகள் பாடசாலைக்கு வந்தபோது விசாரித்தேன். தாத்தா சாவியை இன்னும் வேட்டி மடிப்பில்தான் வைத்திருக்கிறாராம். பையை அவிழ்க்கவும் விடவில்லையாம், மார்கழி முடியட்டும் என்கிறாராம்.