பதினைந்து வயதில் தூக்கம் ஏன் தள்ளிப்போகிறது?

"பையனுக்குப் பதினைந்து வயது. நாலு வருஷம் முன்னால் ஒன்பது மணிக்கே சொக்கி விழுவான். இப்போது பன்னிரண்டு ஆனாலும் கொட்டக்கொட்ட விழித்திருக்கிறான். செல்போனை வாங்கி வைத்தும் பார்த்தாயிற்று. இது சோம்பேறித்தனமா, திமிரா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

இரண்டுமே இல்லை, அம்மா. அவன் உடம்பு மாறிக்கொண்டிருக்கிறது.

தூக்கத்தை இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடத்துகின்றன. ஒன்று, உடம்புக்குள்ளேயே இரவு பகலைக் கணக்கு வைக்கும் உடல் கடிகாரம். இருட்டியதும் உடம்பைத் தூக்கத்துக்குத் தயார்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்க வைப்பது அதுதான். பிறந்த குழந்தைக்கு அது இன்னும் சரியாக ஓடத் தொடங்கியிருக்காது. அதனால்தான் 14 முதல் 17 மணி நேரத் தூக்கத்தை இரவு பகல் பாராமல் துண்டு துண்டாகத் தூங்குகிறது. மூன்று மாதம் வாக்கில் கடிகாரம் பிடிபடும்.

இரண்டாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: தூக்க அழுத்தம். விழித்திருக்கும்போது மூளைச் செல்கள் ஏடிபி என்னும் எரிபொருளைச் செலவழிக்கின்றன. அது சிதைவதில் அடினோசின் உண்டாகி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. சேரச் சேரக் கண் சொக்கும், தூங்கினால் வடியும். அடினோசின் போய் ஒட்ட வேண்டிய இடத்தைக் காபி மறித்துக்கொள்வதால்தான் தூக்கம் கலைகிறது.

இந்த அழுத்தம் ஏறும் வேகம் வயதுக்கு வயது மாறுகிறது என்பதுதான் விஷயமே. இரண்டு வயதுக் குழந்தையைக் கவனியுங்கள். நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும். மதியம் ஆனதும் காரணமில்லாமல் சிணுங்கும், கண்ணைக் கசக்கும், பொம்மையை வீசும். தூக்கித் தோளில் போட்டால் இரண்டு நிமிஷத்தில் கழுத்து துவண்டுவிடும். காலையில் தொடங்கிய அழுத்தம் மதியத்துக்குள் நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். வயது கூடக் கூட ஏற்றம் நிதானப்படும். ஐந்து வயதை ஒட்டிப் பெரும்பாலான குழந்தைகள் ஒரு பகல் முழுக்கத் தாங்குவார்கள். மதியத் தூக்கம் தானாக நின்றுபோகும்.

பருவ வயதில் இந்த ஏற்றம் இன்னும் மெதுவாகிறது. பருவமடையாத பிள்ளைகளையும் பருவமடைந்தவர்களையும் நெடுநேரம் விழித்திருக்க வைத்து, பிறகு தூங்கும்போது அவர்களுடைய மூளை அலைகளை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். முடிவு 2005-ல் வெளியானது. பருவமடைந்தவர்களுக்கு அழுத்தம் மெதுவாக ஏறியது. ஆனால் வடியும் வேகம் இரு சாராருக்கும் ஒன்றுதான்! அதாவது, உங்கள் பையனால் அதிக நேரம் விழித்திருக்க முடியும். தேவைப்படும் தூக்கமோ குறையவில்லை. கூடவே அவன் கடிகாரமும் பின்னுக்கு நகர்ந்து, மெலடோனின் தாமதமாகச் சுரக்கிறது. இரண்டும் ஒரே பக்கம் இழுத்தால் அவன் என்னதான் செய்வான்?

தூக்க ஆய்வாளர் மேரி கார்ஸ்கடன் 1970-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளைக் கோடை முகாமில் தங்கவைத்து, வருஷா வருஷம் அவர்கள் தூக்கத்தை அளந்தார். வளர வளரத் தேவை குறையும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். ஆனால் சின்னப் பிள்ளைகளும் வளர்ந்த பிள்ளைகளும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தூங்கினார்கள். ஒரே பிள்ளைகளை வருஷக்கணக்கில் பின்தொடரும் இப்படிப்பட்ட ஆய்வுக்குப் பணமும் பொறுமையும் நிறைய வேண்டும். உடனே மருந்தோ கருவியோ கிடைக்காது என்பதற்காக இதற்கெல்லாம் நிதி மறுப்பது பெரிய தப்பு என்பது என் கருத்து.

சரி, என்ன செய்யலாம்? காலையில் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் இருக்கட்டும், கடிகாரத்தை முன்னுக்கு இழுக்க அது உதவும். சாயங்காலத்துக்கு மேல் காபி வேண்டாம். ஆனால் முழுப் பாரத்தையும் பிள்ளை தலையில் கட்டுவது நியாயமில்லை. பள்ளி நேரமும் நகர வேண்டும். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016-ல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரத்தை 7.50-லிருந்து 8.45-க்கு மாற்றியது. அந்தக் கூடுதல் நேரத்தைப் பிள்ளைகள் வீணாக விழித்துக் கழிக்கவில்லை. தினமும் சுமார் 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள்.

உங்கள் பையனின் கடிகாரம் இன்னும் சில வருஷம் பின்னுக்குத்தான் போகும். இருபது வயதை ஒட்டி அது திரும்பத் தொடங்கும். பெண்களுக்குக் கொஞ்சம் முன்னதாக, ஆண்களுக்குக் கொஞ்சம் தாமதமாக.