டைல்ஸ் மெஷினுக்குத் தண்ணீர் எதற்கு?

டைல்ஸ் வெட்டும் மெஷினின் பிளக்கைக் கழற்றிவிட்டு, பிளேடின் விளிம்பை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். கத்தியின் கூர்மை எங்கும் இருக்காது. உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் உலோகத்தில் பதிந்த வைரத் துகள்கள் தெரியும். கொஞ்ச நாள் ஓடிய பிளேடு என்றால், ஒவ்வொரு துகளுக்குப் பின்னாலும் வால்நட்சத்திரத்துக்கு இருப்பதுபோல ஒரு குட்டி உலோக வால். பிளேடு எந்தப் பக்கம் சுற்றியது என்று அந்த வாலே சொல்லிவிடும். துகளைப் பின்னாலிருந்து தாங்குவதும் அதுதான்; பக்கம் மாறிச் சுற்றினால் அந்தத் தாங்கல் போய்விடும். அதனால்தான் மாட்டும்போது அம்புக்குறியைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

சுமார் 1,200 டிகிரி செல்சியஸில் வெந்து இறுகிய விட்ரிஃபைட் டைலை இந்தத் துகள்கள் தேய்த்துத்தான் பிளக்கின்றன. தேய்த்தால் சூடு. காற்றில் 700 டிகிரியைத் தாண்டினால் வைரமே கெடத் தொடங்கும். தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிறது, சேற்றையும் கழுவிக்கொண்டு போகிறது.

ஆனால் தண்ணீரின் பெரிய வேலை வேறு. ஒரு கணக்கு போடுவோம். 60 சென்டிமீட்டர் நீளம், 9 மில்லிமீட்டர் கனம், 2 மில்லிமீட்டர் அகல வெட்டு. ஒரே வெட்டில் சுமார் 25 கிராம் டைல் பொடியாகிறது. ஒரு சின்ன விபூதிப் பொட்டலம் அளவு. அதில் ஒரு பகுதி, மணலில் இருக்கும் அதே படிக சிலிக்கா. அதன் கண்ணுக்கே தெரியாத நுண்துகள்கள் நுரையீரலின் அடி ஆழம்வரை போய்த் தங்கி, அங்கே தழும்பாகின்றன. சிலிகோசிஸ் என்ற இந்த நோயைக் குணமாக்க மருந்து இல்லை. அமெரிக்காவில் 2016-இல் வகுத்த விதிப்படி, எட்டு மணி நேர வேலைக்குச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் இந்தச் சிலிக்காத் தூசிக்கு 50 மைக்ரோகிராம்தான் வரம்பு. ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த 25 கிராமையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்! தண்ணீர் அந்தப் பொடியைப் பிறக்கும்போதே சேறாக்கிவிடுகிறது. சாரலோடு கொஞ்சம் தப்பிக்கும் என்பதால் என்95 முகக்கவசமும் கண்ணாடியும் வேண்டும்.

மேசை மெஷினைச் சமதளத்தில் வையுங்கள். பிளேடின் அடி விளிம்பு நனையும்வரை தொட்டியில் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். மூலைமட்டம் வைத்து, வழிகாட்டிப் பட்டை பிளேடுக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரும் கரண்டும் ஒரே இடத்தில் என்பதால் கரண்ட் கசிந்தால் சட்டென்று துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் உள்ள இணைப்பு கட்டாயம். அதன் டெஸ்ட் பட்டனை முதலில் அழுத்திப் பார்த்துவிடுங்கள். ஒயர், பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கட்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்கு ஏறாது. குழாய் இணைப்பு இல்லாத கை கட்டரில் ஒருவர் பாட்டிலில் தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் வெட்டுவதைக் கட்டட வேலைகளில் பார்க்கிறோம். தயவுசெய்து வேண்டாம், அந்த மோட்டார் நனைவதற்காகச் செய்ததல்ல.

180 மில்லிமீட்டர் பிளேடு நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் விளிம்பின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். கழுத்தில் துண்டு, தொங்கும் முந்தானை, தொளதொள கையுறை எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. டைலின் பளபளப்பான பக்கம் மேலே இருக்கட்டும். பிளேடு முழு வேகம் பிடித்த பிறகு டைலை மெதுவாகத் தள்ளுங்கள். மோட்டாரின் குரல் இறங்கினால் அதிகமாகத் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். பிளேடுக்கு நேர்பின்னால் நிற்காமல் சற்று ஒதுங்கி நில்லுங்கள்.

கடைசி ஓர் அங்குலத்தில்தான் மூலை பட்டென்று உடையும். மீதியிருக்கும் அந்தச் சிறு இணைப்பு, துண்டின் பாரத்தைத் தாங்காது. முதலில் ஒரு முனையில் இரண்டு அங்குலம் வெட்டி நிறுத்தி, டைலைத் திருப்பி மறுமுனையிலிருந்து வந்து சேருங்கள்.

தள்ளியும் வெட்டு நகரவில்லை என்றால் பிளேடைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மேலிருக்கும் வைரம் மழுங்கியிருக்கும், அடியிலிருப்பதை உலோகம் மூடியிருக்கும். சிமென்ட் பிளாக்கில், தண்ணீரோடுதான், நாலைந்து கீறல் போட்டால் உலோகம் தேய்ந்து புது வைரம் தலைகாட்டும்.

வேலை முடிந்ததும் தொட்டிச் சேற்றைச் சாக்கடையில் கொட்டினால் குழாயில் படிந்து இறுகிவிடும். வாளியில் தெளியவைத்து, அடியில் தங்கும் சேற்றைத் தனியாக அள்ளிப் போடுங்கள். தரையில் தெறித்ததை ஈரம் காயுமுன் துடைத்துவிடுங்கள். காய்ந்தபின் விளக்குமாறு பட்டால் அது மறுபடியும் அதே தூசிதான்.