தேவதையும் இல்ல, இறாலும் இல்ல: ஓடிலி

குட்டைத் தண்ணியில வாழற ஃபேரி ஷ்ரிம்ப்ங்கற சின்ன உயிர "தேவதை இறால்"னு எழுதுறதப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு. அறிவியல் பேரு அனோஸ்ட்ராக்கா. கிரேக்கத்துல ஆஸ்ட்ராகான்னா ஓடு, 'அன்'னா இல்லாதது, அவ்ளோதான். நண்டு, இறால் எல்லாம் சேந்த ஓட்டுடலிக் கூட்டத்துல முதுகு மூடி இல்லாத ஒரு பிரிவு இது. முதுகெலும்பிலினு பாடப்புத்தகத்துல படிச்ச நமக்கு ஓடிலினு சொல்ல என்ன தயக்கம்?

தேவதைங்கறது நமக்கு தெய்வம், கும்பிடுற விஷயம், மல்லாந்து நீந்துற இந்தச் சின்ன உயிருக்கு அது ஒட்டவே இல்ல. அதவிட மோசம் 'இறால்'. இறால் பத்துக்காலி வகை, ஓடிலி செவுள்காலி வகை, பெரும்பாலானதுக்கு பதினோரு ஜோடி இலை மாதிரி கால் இருக்கும், ரெண்டும் ஓட்டுடலிங்கறதத் தவிர நெருங்கின உறவே கிடையாது. சரி கூனினு வைக்கலாமேன்னா கூனியும் பத்துக்காலிதான்.

இதுல இன்னொரு சிக்கல், இறால்னு கேட்டதும் வருஷம் முழுக்க தண்ணி வேணும்னு நினைச்சிடுறோம். ஆனா ஓடிலி பெரும்பாலும் வாழறது வெள்ளம் வடிஞ்சு தேங்கி அப்புறம் காஞ்சுபோற குட்டையில. அதோட முட்டை மண்ணுக்குள்ள காஞ்சு வருஷக்கணக்கா கிடக்கும், தண்ணி வந்தா பொரிக்கும். அதான் அழிஞ்சுபோச்சுன்னு நினைச்ச இடத்துலயும் ஒரு நல்ல வெள்ளத்துக்கப்புறம் திரும்பக் கண்ணுல பட முடியுது. பாதுகாக்குறேன்னு குட்டைய ஆழமாக்கி மீன் விட்டா மீனே அதுகளத் தின்னு தீத்துடும். கரை கட்டி வெள்ளத்தத் தடுத்தா குட்டையே நிரம்பாது.

ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா எல்லையில ஓடுற மோராவா ஆத்தோட வெள்ளச் சமவெளி இதுகளுக்குப் பேர்போன இடம், ஆஸ்திரியாப் பக்கம் 1982லயே ராம்சார்ங்கற உலக ஈரநிலப் பட்டியல்ல சேந்துடுச்சு. ஜெர்மன்ல ஓடிலியையும் அதோட உறவான, மூணு கண்ணுனு பேரு வாங்கின ட்ரையாப்ஸையும் சேத்து உர்ட்சைட்கிரெப்ஸனு சொல்வாங்க. அத "ஆதிகால நண்டு"னு தமிழ்ல போட்டா அதுவும் தப்பு, ஏன்னா கிரெப்ஸ்ங்கற சொல் அங்க ஓட்டுடலி எல்லாத்துக்கும் பொது. மொழிபெயர்க்கிறவங்க அகராதியில முதல்ல வர்ற பொருள எடுத்து ஒட்டிட்டுப் போயிடுறாங்க, அந்த உயிர் எப்படி வாழுதுன்னு ஒரு பக்கம் படிச்சிருந்தாலே நண்டுன்னோ இறால்னோ எழுத கை வந்திருக்காது. பேர எளிமையா வைக்கணும்னா 'வெள்ளக்குட்டை ஓடிலி'னு எழுதுங்க, எங்க வாழுதுங்கறதும் சேந்தே புரிஞ்சிடும்.