முடிவுத் தேதி கேட்காத செயலி

முகப் பராமரிப்பை ஒழுங்குபடுத்தக் கைபேசிச் செயலி ஒன்றை உருவாக்க விரும்புவதாகப் பாளையங்கோட்டையில் பொறியியல் படிக்கும் மாணவர்கள் சிலர் தோல் மருத்துவர் என்ற முறையில் என்னிடம் யோசனை கேட்டார்கள். காலையில் எதைப் பூசுவது, இரவில் எதைப் பூசுவது என்று அது நினைவூட்டுமாம். ஒரு நாளும் விடாமல் பூசியவரைப் பாராட்டுமாம். அதே வாரத்தில், இத்தகைய செயலியொன்றை மாதக்கணக்கில் பின்பற்றிய ஒரு பெண், கன்னம் சிவந்து, மெல்லிய இரத்த நாளங்கள் வெளியே தெரிய, பருக்களோடு என்னிடம் வந்திருந்தார். செயலியில் 'இரவு கிரீம்' என்று அவர் பதிந்திருந்தது, மங்கு மறைவதற்காகச் சீட்டில்லாமல் வாங்கிய ஸ்டீராய்டு களிம்பு. இப்படி இன்னும் எத்தனை முகங்களைப் பார்ப்பது?

"பூசினால் பளிச்சென்று இருக்கிறது, நிறுத்தினால் எரிகிறது, அப்படியானால் களிம்பு நல்லதுதானே?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. அந்த எரிச்சல், களிம்புக்குப் பழகிப்போன தோல் அது இல்லாமல் தவிப்பதன் அடையாளம். மீண்டும் பூசியதும் அடங்குவது குணமன்று. அதே பழக்கம் இன்னும் ஆழமாக வேரூன்றுகிறது, தோல் இன்னும் மெலிகிறது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒத்துக்கொண்டது என்பதும், ஊரே பூசுகிறது என்பதும் இதை மாற்றாது. 2018இல் மத்திய அரசு இவ்வகைக் களிம்புகள் பலவற்றை, மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத எச் அட்டவணையில் கண்டிப்பாகச் சேர்த்தது. கடைகளில் கேட்டால் இன்றும் கிடைக்கிறது என்பது என் ஆற்றாமை.

ஆகவே மாணவர்களிடம் நான் சொன்னது இதுதான். ட்யூப்பில் அச்சிட்ட மருந்துப் பெயரைச் செயலி முதலில் கேட்க வேண்டும். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன் என்ற ஸ்டீராய்டுகள், ஹைட்ரோகுவினோன் என்ற நிறம் குறைக்கும் மருந்து ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும், எழுதிக்கொடுத்த மருத்துவர் யார், எந்தத் தேதியில் நிறுத்தச் சொன்னார் என்று கேட்காமல் நினைவூட்டல் பட்டியலில் ஏற்றக் கூடாது. பருக்களுக்குப் பூசும் டிரெடினாய்ன் இருந்தால், கருவுற்றிருக்கிறீர்களா என்பதையும் கேட்க வேண்டும். விடாமல் பூசுவதற்குப் பாராட்டு, தயவுசெய்து வேண்டாம். சன்ஸ்கிரீனுக்கு மட்டும் எத்தனை முறை நினைவூட்டினாலும் எனக்குச் சம்மதம். சித்திரை வெயிலில் வெளியே நிற்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதைத் திரும்பப் பூச வேண்டும், ஒருவரும் பூசுவதில்லை.

செயலி வரும்வரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். புதிய பொருள் எதையும் முழங்கையின் உட்புறத்தில் சில நாள் பூசிப் பார்க்காமல் முகத்துக்குக் கொண்டு போகாதீர்கள். ஒரே வாரத்தில் நான்கு பொருள்களைத் தொடங்கிவிட்டு, எது அரிப்பைத் தந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். ஸ்டீராய்டு களிம்பை ஏற்கெனவே நெடுநாள் பூசி வருபவர்கள், இதைப் படித்துப் பயந்து தாமாகவே திடீரென்று நிறுத்திவிட வேண்டாம். முகம் பொங்கி, பயத்தில் மறுபடியும் அதே ட்யூப்பை எடுப்பீர்கள். அருகிலுள்ள தோல் மருத்துவரிடம் வாருங்கள், பாளையங்கோட்டை அரசு மருத்துவமனையிலும் தோல் பிரிவு உண்டு. வரும்போது காலி ட்யூப்பையும் அதன் அட்டைப்பெட்டியையும் கையோடு எடுத்து வாருங்கள், "வெள்ளை நிற கிரீம்" என்று மட்டும் சொன்னால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது.