அடம் பிடிக்க யார் கற்றுக்கொடுக்கிறார்கள்?

"என் மகனுக்கு ஏ.டி.எச்.டி., ஓ.டி.டி. என்று இரண்டையும் மருத்துவர் எழுதியிருக்கிறார். ஒரே பிள்ளைக்கு இரண்டு குறைபாடா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

முன்னது கவனம் நிலைக்காமை, ஓயாத துறுதுறுப்பு, யோசிக்குமுன் செய்துவிடுதல். பின்னது குறைந்தது ஆறு மாதமாவது நீடிக்கும் எரிச்சல், வாக்குவாதம், சொன்னதைச் செய்ய மறுத்தல். இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வமல்ல. ஏ.டி.எச்.டி.க்கான சிகிச்சைகளை ஒப்பிட்டு, 1999-இல் முடிவுகள் வெளியான அமெரிக்காவின் எம்.டி.ஏ. ஆய்வில் ஏ.டி.எச்.டி. உள்ள 579 குழந்தைகள் இருந்தனர். அவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு ஓ.டி.டி.யும் இருந்தது.

ஏ.டி.எச்.டி.யில் மரபணுக்களுக்குப் பெரும்பங்கு உண்டு. மூளையின் வெளியடுக்கான புறணி முதிர்வதும் இக்குழந்தைகளிடம் சில ஆண்டுகள் தள்ளிப்போவதை 2007-இல் ஆய்வாளர் பிலிப் ஷாவின் குழுவினர் காட்டினர். ஓ.டி.டி.யிலும் மரபுக்குப் பங்கிருக்கிறது. ஆனால் மரபு மட்டும் ஒரு குழந்தையை "முடியாது, போ" என்று சொல்ல வைத்துவிடாது. அந்தப் பாடம் வீட்டுக்குள் நடக்கிறது. எப்படி நடக்கிறது என்பதுதான் எனக்கு அலுக்காத விஷயம்.

இதைத் துருவிப் பார்த்தவர் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன். அவருடைய குழுவினர் வீடுகளுக்கே போய் உட்கார்ந்து, யார் என்ன செய்தார், அடுத்த நொடி மற்றவர் என்ன செய்தார் என்று குறித்துக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் கண்டதை நம் வீட்டுக் காட்சியாகவே சொல்லலாம்.

சமையலறையிலிருந்து அம்மா, "டிவியை அணைத்துவிட்டுக் கணக்கு நோட்டை எடுடா" என்கிறார். பையன் காதில் விழுகிறது. ஆனால் பார்த்துக்கொண்டிருப்பதைச் சட்டென விடுவதும், சொன்ன இரண்டு வேலைகளையும் நினைவில் வைத்திருப்பதும்தான் அவனுக்குக் கடினம். இதுவரை நடந்தது ஏ.டி.எச்.டி.; எதிர்ப்பு எதுவும் இல்லை. மறுபடி குரல் வருகிறது, இன்னும் உரக்க. பிறகு அம்மாவே வந்து ரிமோட்டைப் பறிக்கிறார். அவன் அலறுகிறான், நோட்டை வீசி எறிகிறான். பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்ற கூச்சத்தில், "எக்கேடாவது கெட்டுப் போ" என்று ரிமோட்டைப் போட்டுவிட்டு அம்மா போய்விடுகிறார். வீடு அமைதியாகிறது.

அந்த அமைதியைத்தான் கவனிக்க வேண்டும். மகனுக்குக் கட்டளை ஒழிந்தது. அம்மாவுக்கு அலறல் ஒழிந்தது. இருவருக்கும் ஒரே நொடியில் கூலி கிடைத்துவிட்டது. தொல்லை தருவது விலகினால், அதை விலக்கிய செயல் வலுப்பெறும். உளவியலில் இதற்கு எதிர்மறை வலுவூட்டல் என்று பெயர். அலறினால் வேலை போகும் என்று மகன் கற்றான். விட்டுக்கொடுத்தால் நிம்மதி என்று அம்மா கற்றார். இன்னொரு நாள் ஓர் அறை விழுந்து அவன் அடங்கினால், அடித்த அம்மாவுக்கும் அதே கூலி. ஆக, அடுத்த சண்டையை இருவருமே இன்னும் உயரமான படியிலிருந்து தொடங்குகிறார்கள். எந்தக் குடும்பத்திலும் இது நடக்கக்கூடியதுதான். ஆனால் ஒரு சொல்லில் எழுந்துவரும் பிள்ளைக்கு இந்தப் பயிற்சி எப்போதாவது கிடைக்கும், ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைக்குப் பல் துலக்குவது முதல் படுக்கப் போவது வரை கிடைக்கும். போதாக்குறைக்கு, தள்ளிக் கிடைக்கும் பலனைவிட உடனே கிடைப்பதற்கு அவன் மனம் அதிகம் சாய்கிறது. கணக்கை முடித்தால் வரும் பாராட்டு வெகுதூரத்தில். அலறலுக்கான கூலி அதே நொடியில்.

1995-இல் உளவியலாளர் ஜேம்ஸ் ஸ்னைடரும் பேட்டர்சனும் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். சச்சரவை முடித்துவைப்பதில் எந்த வழி மற்றவற்றைவிட அதிகம் பலிக்கிறதோ, அந்த வழியையே குழந்தை அதிகம் கையாள்கிறது. இதைக் கண்டுபிடிக்கக் கோடி ரூபாய் ஸ்கேன் இயந்திரம் தேவைப்படவில்லை. பொறுமையாகக் குறிப்பெடுக்கும் ஆட்கள்தான் தேவைப்பட்டார்கள். அப்படிப்பட்ட ஆய்வுக்கு நிதி கேட்டால் முகம் சுளிக்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. தாயத்துக் கட்டுவதற்கும், "நாலு சாத்து சாத்தினால் சரியாகிவிடும்" என்னும் உறவினர் ஆலோசனைக்கும் மட்டும் நம்மிடம் பஞ்சமே இல்லை. பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே தடைசெய்துவிட்டது என்பதையும் அந்த உறவினர்களிடம் சொல்லுங்கள்.

ஏ.டி.எச்.டி.க்குத் தரப்படும் மீதைல்பெனிடேட் போன்ற மருந்துகள் கவனத்தைக் கூட்டும். எதிர்ப்பும் ஓரளவு தணியும். பழகிப்போன சண்டையை மாற்றுவது பெற்றோருக்கான பயிற்சி. அருகில் போய், முகம் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் சொல்வது. எழுந்த மாத்திரத்தில் பாராட்டுவது. அலறலுக்குக் கூலி தராமல் இருப்பது.

இதில் கடைசியானதுதான் பலரைக் கவிழ்த்துவிடுகிறது. வழக்கமான கூலி நின்றதும் அலறல் உடனே குறையாமல், முதலில் அதிகமாவதும் உண்டு. பயிற்சி பலிக்கவில்லை என்று பெற்றோர் கைவிட்டுவிடக்கூடிய கட்டம் அது. அந்த உச்சத்தில் ரிமோட்டைக் கொடுத்துவிட்டால், இவ்வளவு உரக்கக் கத்த வேண்டும் என்பதே பிள்ளைக்குப் புதிய பாடம். எனவே பயிற்சி தருபவரிடம் வாசகி முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியது, அந்தச் சில நாள்களை வீட்டில் எப்படிச் சமாளிப்பது என்பதைத்தான்.